சுத்தமான கல்லில் மண் கண்ட மெஷின்

அடுத்தவர் கல்லைக் கரைத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் தொழில். கல்லுக்கு வாய் கிடையாது என்பதால் நாங்கள் எழுதியதுதான் கடைசி வார்த்தை.

எண்பதுகளில் அரியலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் கெமிஸ்ட். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு லோடிலிருந்தும் கொஞ்சம் மாதிரி எடுத்து எங்களிடம் கொடுக்க வேண்டும். நாங்கள் சரி என்றால் லாரி ஆலைக்குள் போகும். மண் கலந்திருக்கிறது என்றால் வந்த வழியே திரும்பும். தொடர்ந்து மூன்று தடவை திரும்பினால் அந்த ஆளின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். ரேஷன் கடைத் தராசோ, வீட்டு மின்சார மீட்டரோ சொன்னதைக் கேட்டு, தப்பு நம் மேல் இல்லை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த உறவில்தான் இதைச் சொல்கிறேன். ஒரே வித்தியாசம், நான் தராசுக்கு அந்தப் பக்கம் நின்றவன்.

எலுமிச்சம்பழம் வைத்த காலை

மெஷின் மெட்ராசிலிருந்து லாரியில் வந்தது. எங்கள் மேனேஜர் பெட்டிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, நாலு மூலைக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் ஏற்றப் போனவரை, மெஷினோடு வந்த இன்ஜினியர் கையைப் பிடித்துத் தடுத்தார். அதுவரை ஒரு கல்லைச் சோதிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆகும். இது ஒரு காலையில் இருபது கல்லுக்குப் பதில் சொல்லும் என்றார்கள்.

வேலை செய்யும் விதம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கல்லைக் கரைத்த திரவத்தை ஒரு சின்ன மூக்கு வழியாகப் பனி போலத் தூவ வேண்டும். அது ஆர்கான் வாயுவில் மூட்டிய பிளாஸ்மா என்ற வெள்ளைக் கொழுந்துக்குள் போகும். அந்தச் சூட்டில் கல்லில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று ஒரு நிறத்தில் வெளிச்சம் விடும். எந்த நிறம் எவ்வளவு என்று பார்த்தால் எது எவ்வளவு என்று தெரியும். களிமண்ணில் அலுமினியம் உண்டு. ஆகவே அலுமினியத்தின் வெளிச்சம் கூடினால் கல்லில் மண் கூடியது என்று அர்த்தம்.

இன்ஜினியர் அளவு தெரிந்த அலுமினியக் கரைசல்களைக் காட்டி மெஷினைப் பழக்கினார். எல்லாம் லேசான அமிலத்தில் போட்ட வெறும் அலுமினியம். எனக்கு உறுத்தியது. "சார், நம்ம கல்லுல பாதிக்கு மேல சுண்ணாம்பு. நீங்க காட்டுற தண்ணியில ஒரு துளி சுண்ணாம்புகூட இல்லையே? கூட இருக்கிறது மாறினா ரீடிங் மாறாதா?" என்று கேட்டேன். அவர் ஸ்குரூ டிரைவரைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"இது உங்க ஊரு தராசு இல்ல சார், யாரையும் கேட்டுக்கிட்டு எடை போடாது."

நான் அதற்கு மேல் பேசவில்லை. அன்று பேசியிருக்க வேண்டும்.

சுத்தியலோடு வந்தவர்

கலியபெருமாள் கல்லங்குறிச்சிப் பக்கத்துக்காரர். அவர் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. அவரும் இருபது வருஷம் அடுத்தவர் சுரங்கத்தில் கல் உடைத்துவிட்டு, சின்னதாக ஒரு குத்தகை எடுத்திருந்தார். முதல் தரக் கல்லுக்கு விலை கூடுதல், மண் இருக்கக் கூடாது; சாதா தரத்துக்கு விலை குறைவு, ஓரளவு மண்ணை விட்டுவிடுவோம். அவர் முதல் தரம் என்று எழுதிக் கொடுத்துத்தான் கல் அனுப்புவார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். உடைத்த கல்லைக் காயப் போட்டு, ஆறு பெண்கள் உட்கார்ந்து தென்னந்துடைப்பத்தால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பார்கள். இடுக்கில் களிமண் ஒட்டியிருந்தால் அந்தக் கல் லாரி ஏறாது. அப்படி ஒதுக்கிய கல் அவர் குத்தகையில் ஒரு ஓரமாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கல்லைத் துடைத்து அனுப்புகிற ஆள் என்று மற்றவர்கள் அவரைக் கேலி செய்வார்கள்.

மெஷின் வந்த இரண்டாவது வாரம் அவர் கல்லில் அலுமினியம் கூடுதல் என்று சீட்டு வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். லாரி திரும்பியது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தோளில் துண்டு, ஒரு கையில் கல், ஒரு கையில் சுத்தியல் என்று நேராக என் மேஜைக்கு வந்துவிட்டார். கல்லைத் தரையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். வெண்கலப் பாத்திரம் மாதிரி ஒலித்தது. மண் இருக்கும் கல் அப்படி ஒலிக்காது, சொத்தென்று கேட்கும். அது எனக்கும் தெரியும். சீட்டைக் காட்டினேன். தமிழில் எழுதியதை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு மெஷின் இருந்த அறையின் கண்ணாடிக் கதவைப் பார்த்துக் கேட்டார்:

"ஆறு பொம்பளைங்க தொடச்ச கல்லுங்க இது. நான் மண்ணக் கலந்தேன்னு அதுகிட்ட எந்தப் பய சொன்னான்?"

கடைசி இடம்

பெரிய கான்ட்ராக்டர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் கல்லைக் கையில் எடுத்தாலே களிமண் ஒட்டி விரல் மஞ்சளாகும். அவருடைய டிரைவர் தங்கராசு மாதிரிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே புளியமரத்தடியில் காத்திருப்பான். கெட்டிக்காரன். சில நாளில் ஒரு வினோதமான வேண்டுகோள் வைக்கத் தொடங்கினான். அவன் மாதிரியை வரிசையில் கடைசியாக வைக்க வேண்டுமாம்.

எனக்குக் காரணம் புரியவே ஒரு வாரம் ஆனது. கல்லில் அமிலத்துக்குக் கரையாத மிச்சத்தை ஒரு உப்போடு சேர்த்து உருக்கித்தான் கரைப்போம். அந்த உப்பு தூவும் மூக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். உப்புத்தண்ணீர்க் கிணற்றுக் குழாய் மாதிரி, பத்துப் பதினைந்து மாதிரி போனதும் மூக்கு பாதி அடைத்துக்கொள்ளும். திரவம் குறைவாகப் போகும், வெளிச்சம் குறையும், கல் நல்ல கல்லாகிவிடும். விடியும் முன்பே எழுந்து சைக்கிளில் வந்து முதல் ஆளாக மாதிரி கொடுப்பவர் கலியபெருமாள். ஆகவே சுத்தமான மூக்கு அவர் கல்லுக்கு, அடைத்த மூக்கு அவன் கல்லுக்கு.

அன்றிலிருந்து ஐந்து மாதிரிக்கு ஒருமுறை மூக்கைக் கழுவ ஆரம்பித்தேன். நேரம் வீணாகிறது என்று மேனேஜர் முகம் சுளித்தார். படித்துப் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாதது உனக்கு எப்படியடா தெரிந்தது என்று தங்கராசுவைக் கேட்டேன்.

"நீங்க மெஷினைப் பாக்குறீங்க சார், நான் சீட்டைப் பாக்குறேன்," என்றான்.

நூறைத் தாண்டிய கல்

கலியபெருமாளின் கல் இரண்டாவது முறையும் திரும்பியது. இன்னும் ஒன்று திரும்பினால் அவர் பெயர் பட்டியலில் இருக்காது. இந்தத் தடவை எல்லோர் கல்லுக்கும் மூக்கு கழுவியேதான் இருந்தது. ஆக, கோளாறு வேறு எங்கோ இருந்தது.

அதைப் பிடித்தது என்னோடு வேலை பார்த்த சகாயமேரி. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கல்லில் உள்ள சுண்ணாம்பை மட்டும் அப்போதும் கையால்தான் அளந்துகொண்டிருந்தோம், அது அவள் பொறுப்பு. கலியபெருமாள் கல்லுக்கு அவள் கண்ட சுண்ணாம்பையும், சுடும்போது வாயுவாகப் போய்க் குறைந்த எடையையும், மெஷின் சொன்ன அலுமினியத்தையும் மற்றவற்றையும் ஒரு தாளில் கூட்டினாள். நூறு வர வேண்டிய இடத்தில் நூறைத் தாண்டிப் போனது. கான்ட்ராக்டரின் மஞ்சள் கல்லுக்கும் கூட்டினாள். அது கிட்டத்தட்ட நூறிலேயே நின்றது. கல் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு தூரம் நூறைத் தாண்டியது. தாளை எடுத்துக்கொண்டு இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம்.

"சார், ஒரு கிலோ கல்லுக்குள்ள ஒரு கிலோவுக்கு மேல பொருள் எப்படி சார் இருக்கும்?" என்றாள் மேரி.

"உன் சுண்ணாம்புக் கணக்குல தப்பு இருக்கும்."

"மூணு தடவ பார்த்துட்டேன் சார்."

"மூணு தடவையும் கையாலதானே பார்த்த?"

"வேற எதால சார் பார்ப்பாங்க?"

மேனேஜர் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"கை நடுங்கும்மா, மெஷின் நடுங்காது."

சீல் பிரிக்காத பாட்டில்

மேரிக்கு ஆத்திரம். எனக்கு ஆத்திரத்தோடு அவமானமும். இரண்டு சீட்டிலும் என் கையெழுத்து. ஸ்டோரில் சுத்தமான கால்சியம் கார்பனேட் பாட்டில் ஒன்று சீல் பிரிக்காமல் இருந்தது. அதில் உள்ளது சுண்ணாம்பும் கரியமில வாயுவும், வேறொன்றும் கிடையாது. மேனேஜரைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே சீலைப் பிரித்தேன். ஒரு ஸ்பூன் எடுத்துக் கரைத்து மெஷினுக்குக் கொடுத்தேன். சீட்டு வந்தது. அலுமினியம் இருக்கிறது என்றது. ஏறக்குறைய கலியபெருமாள் கல்லில் கண்ட அதே அளவு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுண்ணாம்பில் உள்ள கால்சியம் கொழுந்துக்குள் போனால் கண் கூசுகிற மாதிரி எரியும். அதன் வெளிச்சம் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே அலுமினியத்தின் இடம். கால்சியம் அளவுக்கு மீறி இருந்தால் அதன் வெளிச்சம் வழிந்து அலுமினியத்தின் கணக்கில் விழுகிறது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட சீரியல் லைட் நம் வீட்டுச் சுவரில் அடிப்பதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டில்தான் கல்யாணம் என்று எழுதிக்கொண்டு போவது மாதிரி. கல் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு கால்சியம், அவ்வளவு பொய் அலுமினியம். துடைக்கத் துடைக்கக் குற்றம் கூடும்.

மேனேஜருக்கு இதை விளக்கினேன். சீல் அவர் கண் முன்னாலேயே பிரிந்தது, நடுவில் யாரும் எதையும் கலந்திருக்க முடியாது. பாட்டிலைத் திருப்பித் திருப்பி லேபிளைப் படித்தார். நெற்றி சுருங்கியது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப இந்த பாட்டில்காரனும் மண்ணக் கலந்துதான் விக்கிறான். ஒரு லெட்டர் டைப் பண்ணுங்க."

டிரங்க் கால்

லெட்டர் டைப் செய்யவில்லை. மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டேன். அந்தக் காலத்தில் பதிவு செய்துவிட்டு அரை நாள் உட்கார வேண்டும். லைன் கிடைத்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். பக்கத்து அறையில் மேரி உள்பட எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

வைத்தியம் எனக்கே தெரியும். பழக்கும் கரைசல்கள் எல்லாவற்றிலும் கல்லில் இருக்கும் அளவுக்குச் சுத்தமான கால்சியம் சேர்த்துவிட்டால் போதும். வழிகிற வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும், கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அரை நாள் வேலை. ஆனால் கம்பெனி பழக்கியதை நாங்கள் மாற்றினால் வாரன்டி போய்விடும் என்று மேனேஜர் உறுதியாக நின்றார். அதனால்தான் இன்ஜினியரின் அனுமதி கேட்டு டிரங்க் கால்.

"சார், கால்சியம் இருந்தா அலுமினியம் தப்பாக் காட்டுது!" என்று கத்தினேன்.

"எவ்வளவு கால்சியம்?"

"சுண்ணாம்புக்கல் சார்! பாதிக்கு மேல சுண்ணாம்புதான்!"

 இரைச்சலுக்கு நடுவே தெளிவாக ஒரு குரல்:

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார், உங்க ஊரு கல்லுலதான் கால்சியம் அதிகம்."

முன்னாடியே சொல்லாத குற்றம்

கலியபெருமாளின் மூன்றாவது லோடு எந்த நாள் வருமோ என்று நானும் மேரியும் பயந்துகொண்டிருந்தோம். அது வந்தால் என்ன செய்வது என்று முடிவுகூட எடுத்துவிட்டோம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுப்பது, அவ்வளவுதான் என்னால் ஆகக்கூடியது. ஆனால் முதல் தரம் என்று எழுதிய மாதிரி அவரிடமிருந்து வரவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அவரைப் போல முதல் தரம் அனுப்பிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு மூன்று சின்ன ஆட்களும் வருவதில்லை. சாதா தர மாதிரிகளை லாரி டிரைவர்கள் கொண்டுவந்து போடுவார்கள், அவற்றில் எண் மட்டும்தான் இருக்கும் என்பதால் அதில் யார் என்ன அனுப்பினார்கள் என்று நான் பார்க்கவில்லை. அதையும் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஆலையிலிருந்து கடிதம் வந்தது. சூளைக்குப் போகும் கலவையில் சுண்ணாம்பு போதவில்லை, நல்ல கல்லெல்லாம் எங்கே போயிற்று, உங்கள் சோதனை முறை என்ன என்று ஆலையின் கெமிஸ்ட் கேட்டிருந்தார். கடிதத்தில் கோபம் எதுவும் இல்லை. ஆனால் ஆலையின் முத்திரை இருந்தது. மேரியின் கூட்டலுக்கும் சீல் பிரித்த பாட்டிலுக்கும் அசையாத மேனேஜர் அந்த முத்திரைக்கு ஐந்து நிமிடத்தில் அசைந்தார். வாரன்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்று மதியமே கால்சியம் சேர்த்துக் கரைசல்கள் தயாரித்தோம். கலியபெருமாள் கல்லில் மிச்சம் வைத்திருந்த இரண்டு மாதிரிகளையும் மறுபடி ஓட்டினோம். அலுமினியம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மேரி மறுபடி கூட்டினாள். நூறு வந்தது. இரண்டு சீட்டையும் மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் சார், இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

குவியல் இருந்த இடம்

மறுநாள் மதியம் புதுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கலியபெருமாளின் குத்தகைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதாகத்தான் உத்தேசம். துடைப்பத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆறு பெண்களைக் காணவில்லை. ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற மண்கல் குவியலையும் காணவில்லை. அந்த இடத்தில் மஞ்சள் தூசி மட்டும் இருந்தது. ஒரு லாரி நின்றது. உடைத்த கல், நல்லது கெட்டது எல்லாம் ஒன்றாக, கூடையால் அள்ளி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கலியபெருமாள் என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்புக்கு இறக்கவில்லை. மெஷின் வருவதற்கு முன்பெல்லாம் இறக்குவார், நான் வேண்டாம் என்பேன். சீட்டைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"உங்க கல்லு சுத்தம்தாங்க. தப்பு எங்க மேலதான். இனிமே பழைய மாதிரி முதல் தரமே அனுப்பலாம்," என்றேன்.

"அந்தத் தங்கராசு பய சொன்னாங்க," என்றார். "அண்ணே, நீ சுத்தம்னு எழுதிக் குடுக்குறதாலதான் மாட்டிக்கிற, மண்ணு இருக்குன்னு நீயே எழுதிக் குடுத்துடு, சாதா தரத்துல போட்டுடுன்னான். அந்தக் குவியலையும் சேத்து அள்ளி ஏத்துனேன். மூணாவது லோடு, பாஸு. நாலாவது, பாஸு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருந்தீங்க."

உண்மைதான். போட்டிருந்தேன்.

"அந்தப் பொம்பளைங்க?"

"முந்திரிக்கொட்டை உடைக்க ஜெயங்கொண்டம் பக்கம் போயிட்டாங்க. தொடைக்க கல்லு இல்லாம அவங்க இங்க என்ன பண்ணுவாங்க?"

"திரும்பக் கூப்பிடலாமுங்க. மெஷினைச் சரி பண்ணியாச்சு."

அவர் சீட்டை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். கோபமாக வைக்கவில்லை. தன் பொருள் இல்லாததைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி வைத்தார். பிறகு லாரிக்காரனைப் பார்த்து ஏற்று ஏற்று என்று கையசைத்துவிட்டுச் சொன்னார்:

"தொடச்சு அனுப்புனப்ப திருடன்னீங்க, மண்ணோட அனுப்புனேன் சும்மா இருந்தீங்க. இருக்கட்டும் சார், போயிட்டு வாங்க."

பிளாஸ்மாவுக்குள் பக்கத்தில் கால்சியத்தை வைத்துக்கொண்டு அலுமினியத்தை அளக்க அரை நாளில் கற்றுக்கொண்டோம், பக்கத்தில் மேனேஜரை வைத்துக்கொண்டு உண்மையை அளக்கும் வித்தை மட்டும் நான் ஓய்வு பெறும் வரை கைவரவில்லை.